மாமை என்ன நிறம்? உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்

சாத்தூர் டீச்சர்:

இளங்கலை இரண்டாம் ஆண்டு வகுப்பில் குறுந்தொகை 27ஆம் பாட்டு நடத்திக்கொண்டிருந்தேன். வெள்ளிவீதியார் பாடியது. நல்ல பசுவின் பால் கன்றும் குடிக்காமல், பாத்திரத்திலும் விழாமல் மண்ணில் சிந்திப் போகிற மாதிரி, என் மாமை அழகு எனக்கும் ஆகாமல் என் தலைவனுக்கும் உதவாமல் பசலைக்கு இரையாகிறதே என்கிறாள் தலைவி. பசலை என்றால் பிரிவு ஏக்கத்தில் மேனி நிறம் வெளுத்துப்போவது என்றேன். இரண்டாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, "மேடம், வெளுத்தா நல்லதுதானே? இதுக்கு ஏன் அழுவுறா?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. அவள் கிண்டலுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியவில்லை.

மாமை என்பதற்கு மாந்தளிர் நிறம் என்று உரைகாரர்கள் எழுதுவார்கள். கேண்டீன் பக்கத்து மாமரம் அப்போது துளிர்விட்டிருந்தது. எல்லாரையும் அங்கேயே கூட்டிப்போனேன். மாந்தளிர் என்றதும் இளம்பச்சை என்று நினைத்தவர்கள் பாதிப் பேர். தளிரோ செம்பும் கருஞ்சிவப்பும் கலந்து பளபளத்தது. கேள்வி கேட்டவள் தன் கையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பின்னாலிருந்து ஒரு குரல்: "அப்ப டிவியில பசலையத்தான் ட்யூப்ல அடைச்சு விக்கிறாங்களா மேடம்?"

பல வருடமாக இந்தப் பாட்டை நடத்துகிறேன், எனக்கு இது தோன்றியதே இல்லை. ஒரு பாட்டோ விளம்பரமோ உங்கள் கண்ணை இப்படி மாற்றியிருந்தால் எழுதுங்களேன்.

வரி விளம்பரக்காரர், மதுரை:

தொண்ணூறுகளில் ஒரு பத்திரிகையின் விளம்பர கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன். மணமகன் தேவை, மணமகள் தேவை. வரிக்கு இவ்வளவு என்று காசு. காசைக் குறைக்க ஒவ்வொரு சொல்லாக வெட்டுவார்கள். 'குடும்பப் பாங்கான' போகும், 'நற்குணமுள்ள' போகும். குணத்தைத்தான் முதலில் வெட்டுவார்கள் என்பதை அங்கேதான் கற்றேன். 'சிவந்த நிறம்' மட்டும் எந்த வெட்டுக்கும் தப்பிவிடும்.

ஒரு அப்பா வந்தார். மகளுக்காக எழுதிக் கொண்டுவந்த தாளில் நிறம் பற்றி ஒன்றும் இல்லை. பணம் கட்டப்போனவர் திரும்பி வந்து, "தம்பி, நிறத்த எழுதாம விட்டா என்ன நெனைப்பாங்க?" என்றார். என்ன நினைப்பார்கள் என்று இருவருக்குமே தெரியும். யோசித்து 'மாநிறம்' என்று சேர்த்தார். அதனால் ஒரு வரி கூடியது. நான் இருந்த 11 வருடத்தில் 'கறுப்பு' என்று ஒரு விளம்பரம் வாங்கியதில்லை. அந்த இடத்தில் எல்லாம் மாநிறம்தான் உட்கார்ந்திருக்கும், ஒரு மன்னிப்பு மாதிரி.

டீச்சர், மாமையில் இருக்கிற மா இதுதானா?

சாத்தூர் டீச்சர்:

மா என்றால் கருமை என்றே ஒரு பொருள் உண்டு ஐயா. திருமாலுக்கு மாயோன் என்ற பெயர் அதில் பிறந்ததுதான். தலைவியையும் மாயோள் என்று பாட்டில் கொஞ்சுவார்கள். அதே சொல் உங்கள் கவுண்டருக்கு வரும்போது மன்னிப்பாகிவிட்டது!

பெயர் வேண்டாம், சென்னை:

நான் எதிர்ப்பக்கத்து ஆள். விளம்பரங்களைத் தமிழில் எழுதித் தருவது என் தொழில். மும்பையிலிருந்து இந்தியில் வரும். நடிகையின் வாயசைவுக்குத் தமிழ் பொருந்த வேண்டும். 'ஃபேர்' என்பதற்கு 'வெள்ளை' என்று எழுதினால் நம் காதுக்குத் தோல் நோய் மாதிரி இருக்கும். நிறமான ஆளை நாம் சிவப்பு என்றுதானே சொல்வோம்? 'சிவப்பழகு' என்ற சொல் அப்படித்தான் ஓடியது. கட்டழகு, பேரழகு வரிசையில் அது போய் உட்கார்ந்துகொண்டதைப் பாருங்கள். ஏதோ காப்பியத்திலிருந்து எடுத்தது போல ஒலிக்கும். கடைச் சரக்கு என்று யாருக்கும் தோன்றாது. நானும் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன், ஒரு உறுத்தலும் இல்லாமல்.

கதை எப்போதும் ஒன்றுதான். நிறம் குறைந்த பெண் சோகமாக இருப்பாள், களிம்பு பூசுவாள், வேலையோ மாப்பிள்ளையோ கிடைக்கும். 2014இல் விளம்பரத் தரங்களைப் பார்க்கும் ஆஸ்கி அமைப்பு, கறுத்த நிறத்தவரைத் தாழ்வாகவோ வருத்தமாகவோ காட்டக் கூடாது என்று விதி போட்டது. சரி, சோகத்தை எடுத்துவிட்டோம். சிவப்பும் மெல்ல மெல்லப் போய் 'பொலிவு' வந்தது. 1975இல் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லியே 2020இல் க்ளோ அண்ட் லவ்லி ஆனது ஊருக்கே தெரியும்.

என் தாத்தா களத்துமேட்டில் நெல் அளக்கும்போது நெல் பெருகட்டும் என்று முதல் மரக்காலை 'பொலி' என்றுதான் எண்ணுவார். அந்தச் சொல் இப்போது என் கையால் ட்யூப் மேல் ஏறியிருக்கிறது.

அழகர்கோயில் பக்கத்து ஆள்:

என் பெயர் குலசாமி பெயர். கருப்பசாமி. அழகர்கோயிலில் பதினெட்டாம்படிக் கருப்பு காவல் நிற்கிறார். கதவுக்குச் சந்தனம் பூசிக் கும்பிடுவோம். உள்ளே இருப்பவர் பெயரோ அழகர். கறுப்பும் அழகும் ஒரே வாசல். இது சின்ன வயதில் எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை.

வீட்டில் மளிகைக்கடைக்காரர் கொடுத்த சிவகாசி காலண்டர் தொங்கும். மேலே கண்ணன், கீழே கடைப் பெயர். கண்ணன் வான நீலத்தில் இருப்பார். பாட்டில் கரியவன், காலண்டரில் நீலம். அம்மா அந்த நீலத்துக்குப் பூ வைத்துவிட்டு, அக்காவை உட்காரவைத்து முகத்தில் களிம்பு தடவுவார். பக்கத்து வீட்டு அத்தை, "கறுப்பா இருந்தாலும் களையான முகம்" என்பார். அக்காவுக்கு அந்த 'இருந்தாலும்'தான் எரியும். இன்றைக்கும் அந்தச் சொல்லை யாராவது சொன்னால் எழுந்து போய்விடுவாள்.

ஆபீசில் நான் வெறும் சாமி. பெயர்ப்பலகை அடிக்கும்போது நானே சுருக்கிக் கொடுத்தேன்.

திருச்சி வாசகி:

எல்லாரும் பாட்டை ரொம்பத்தான் தூக்குகிறீர்கள். பாட்டும் ஒருவகையில் விளம்பரம்தானே? பெண்ணுடைய அழகு வீணாகாமல் பயன்பட வேண்டும் என்ற கணக்கு அங்கேயும் இருக்கிறது. ஆம்பளை ஊரில் இல்லை என்றால் மேனி கெடும் என்பதைத் திருவள்ளுவரும் ஒரு அதிகாரம் முழுக்க எழுதினார். எனக்குக் கல்லூரியில் இதைப் படிக்கும்போது எரிச்சல்தான் வந்தது.

ஆனால் டீச்சர் எழுதியதை இப்போது திரும்பப் படித்தபோது வரிசை கண்ணில் பட்டது. முதலில் 'எனக்கும் ஆகாமல்'. தலைவன் அப்புறம்தான் வருகிறான். எந்தக் களிம்பு விளம்பரத்திலாவது அந்தப் பெண் முதலில் தனக்காகப் பூசியிருக்கிறாளா? இன்டர்வியூ எடுப்பவர் இருப்பார், பெண் பார்க்க வருபவர் இருப்பார்.

சாத்தூர் டீச்சர்:

அந்த வரிசையை நான் வகுப்பில் சொல்லவே இல்லை. நாளைக்குச் சொல்கிறேன்.

போன வாரம் உள்தேர்வில் 'மாமை – பொருள் தருக' என்று இரண்டு மதிப்பெண் கேள்வி வைத்திருந்தேன். நானே எழுதிய விடைக்குறிப்பில் 'மாந்தளிர் நிறம்' என்று இருந்தது. இரண்டாவது பெஞ்சுக்காரி எழுதியது: 'என் நிறம். கேண்டீன் மரத்தில் துளிர் விடும்போது பார்க்கலாம்.' இரண்டு மதிப்பெண்ணையும் போட்டுவிட்டேன்.