பசந்தர் ஆற்றைக் கடந்த இருவர்

எங்கள் அப்பா மெட்ராஸ் சேப்பர்ஸ், அதாவது ராணுவத்தின் பொறியாளர் படை. வேலூர்ப் பக்கம் வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் உண்டு என்பதால், ஊரில் அவருக்கென்று தனி மரியாதை ஒன்றும் கிடையாது. 1971 போரில் மேற்கு முனையில், ஷகர்கர் பகுதியில் இருந்தார். அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் 56 ஏபிஓ என்ற ராணுவத் தபால் முகவரிதான். அதை வைத்து ஆள் பஞ்சாபிலா காஷ்மீரிலா என்றுகூடச் சொல்ல முடியாது.

சண்டைக் கதை கேட்டால் எழுந்து போய்விடுவார். கண்ணிவெடி எடுப்பதைப் பற்றிக் கேட்டால் மட்டும் கிணறு வெட்டிய கணக்கைச் சொல்வதுபோல் நிதானமாகச் சொல்வார். கம்பியைச் செங்குத்தாகக் குத்தக் கூடாது, சாய்வாகச் செலுத்தி வெடியின் பக்கவாட்டில் தட்ட வேண்டும். டேங்க்குக்கு வைத்தது சாதாரணமாக ஆள் எடைக்கு வெடிக்காது. ஆனால் ஆளுக்கென்றே சின்னதாக ஊடே புதைத்திருப்பார்கள். சுத்தம் செய்த பாதைக்கு வெள்ளை நாடா.

அவர் ஓய்வுபெற்று வெகுகாலம் கழித்து ஜெய்ப்பூர் ரயிலில் போனோம். எதிர் இருக்கையில் ராஜஸ்தான் பெரியவர் ஒருவர். பேச்சுவாக்கில் அவர் பூனா ஹார்ஸ் டேங்க் படை என்று தெரிந்தது. அப்பா "பசந்தரா?" என்றார். அவ்வளவுதான், எங்களை இருவரும் மறந்துவிட்டார்கள்.

"நீங்கள் போட்ட பாதையில்தான் வந்தோம்" என்றார் அவர். "பாதிதான் போட்டிருந்தோம், மீதியில் நீங்களாகத்தானே ஓட்டிக்கொண்டு போனீர்கள்!" என்றார் அப்பா, பட்டாளத்து இந்தியில். அப்பா சொன்னது நிஜம். டிசம்பர் 15 இரவு வெடிகளை எடுத்து முடிப்பதற்குள் ஆற்றுக்கு அப்பால் எதிரி டேங்க்குகள் நகர்வதாகத் தகவல் வந்தது. அங்கே நம் காலாட்படை தனியாக மாட்டிக்கொள்ளும் நிலை. காத்திருக்காமல் பூனா ஹார்ஸ் கண்ணிவெடி வயலுக்குள்ளேயே புகுந்து போனது. மறுநாள் நடந்த டேங்க் சண்டையில்தான் பூனா ஹார்ஸ் அதிகாரி அருண் கேத்தர்பால் இறந்தார், பரம்வீர் சக்கரம் பெற்றவர். வயது 21. அதே 16-ஆம் தேதி டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்ததால், நம் பக்கம் பலருக்கு இந்தச் சண்டை நினைவிலேயே இல்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

அப்பா அன்று பேசியதில் பாதி நாங்கள் வீட்டில் கேட்டதே இல்லை. சாப்பாடு ஆறுகிறது என்று அம்மா சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார். கோட்டாவில் அந்தப் பெரியவர் இறங்கினார். ரயில் கிளம்பியதும் அப்பா என்னிடம், "நல்ல மனுஷன். ஆனா டேங்க்காரனுக்கு எப்பவுமே அவசரம்" என்றார்.