கண்மாயில் கண்ட மூன்று தலைப் பறவை எது?

தென்கரையான்:
அனைவருக்கும் வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழு வயது மகளுடன் சாமநத்தம் கண்மாய்க் கரையில் நடந்துகொண்டிருந்தபோது, அல்லி இலைகளுக்கு நடுவே புறாவை விடச் சிறிய, உருண்டையான பழுப்புப் பறவை ஒன்று நீந்தி வந்தது. அதன் முதுகுச் சிறகுகளுக்குள்ளிருந்து, கோடு கோடாக வரியிட்ட இரண்டு குட்டித் தலைகள் எட்டிப் பார்த்தன. "அப்பா, மூணு தலைக் கோழி!" என்று மகள் கூவியதுதான் தாமதம், பறவை தண்ணீருக்குள் போய்விட்டது. ஒரு குஞ்சு மட்டும் நழுவித் தக்கை போல மேலே மிதந்து, கீச்சுக் குரலில் முறையிட்டுக்கொண்டிருந்தது. சற்று நேரத்தில் கோரைப் புதர் ஓரமாகத் தலை நீட்டிய பெரிய பறவை, அதை நோக்கி விரைந்து வந்தது. இது என்ன பறவை? கரையிறங்கும் இடத்தில் ஊதாப் பூவும் கணுதோறும் முள்ளுமாக நின்ற ஒரு செடி என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. அதன் பெயரையும் அறிய விரும்புகிறேன்.

கலுங்கடி:
நீங்கள் கண்டது முக்குளிப்பான். அலகின் அடியில் வெளிர்மஞ்சள் பொட்டும், கழுத்தில் செம்பழுப்பு நிறமும் இருந்திருந்தால் ஐயமே வேண்டாம். நாமக்கோழி உடல் முழுக்கக் கறுத்து, நெற்றியில் வெள்ளை நாமத்துடன் இருக்கும் என்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ள வழியில்லை. முக்குளிப்பானுக்குக் கால்கள் உடலின் பின்கோடியில் அமைந்திருப்பதால் தரையில் தள்ளாடும். ஆனால் விரல்களின் இருபுறமும் மடல் விரிந்திருப்பதால், நீருக்குள் துடுப்புப் போட்டதுபோல் பாயும். குஞ்சுகள் பொரித்த சில மணி நேரத்திலேயே பெற்றோரின் முதுகில் ஏறிச் சிறகுக்குள் பதுங்கிக்கொள்கின்றன. தாயும் தந்தையும் மாறி மாறிச் சுமப்பதால், உங்கள் மகள் பார்த்தது அப்பாவாகவும் இருக்கலாம் என்று அவளிடம் சொல்லுங்கள். குதிரை கனைப்பதுபோல் ஒரு நீண்ட சிரிப்பொலி கோரைக்குள்ளிருந்து கேட்டால் அதுவும் இவர்தான்.

மேலூர்க்காரி:
தம்பி, உங்கள் வேட்டியைப் பிடித்தது நீர்முள்ளி. கணுவுக்கு ஆறு முள்ளாகச் சுற்றி நிற்பதைக் கொண்டே அடையாளம் சொல்லிவிடலாம். எங்கள் ஊர்க் கண்மாய் உள்வாயில் ஈரம் காயத் தொடங்கியதும் நாங்கள் அதன் விதையைப் பொறுக்குவோம். அந்தச் சின்னஞ்சிறு விதையை நாக்கில் வைத்தால் ஊறிக் கொழகொழத்து மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். யாருடைய விதை நெடுநேரம் ஒட்டி நிற்கிறது என்பதே எங்கள் போட்டி. நாட்டு மருத்துவத்தில் இன்றும் பெயர்பெற்ற செடி அது. முள் என்று வெட்டி எறிந்துவிடாதீர்கள். பூவைத் தேடி வரும் வண்டுகளைப் பார்த்துக்கொண்டே ஒரு காலைப்பொழுதைக் கழிக்கலாம்.

கோரைப்பாய்:
ஒரு விண்ணப்பம். கண்மாயைத் துப்புரவு செய்கிறோம் என்று அல்லியையும் கோரையையும் சேர்த்து வாரிவிடுகிறார்கள். அகற்ற வேண்டியது, தென் அமெரிக்காவிலிருந்து வந்து நீர்ப்பரப்பை மூடிவிடும் வெங்காயத்தாமரைதான். முக்குளிப்பான் மிதக்கும் கூடு கட்டி, அதை நீர்ச்செடிகளின் தண்டில் பிணைத்துவைக்கிறது. கூட்டை விட்டு நீங்கும்போது முட்டைகளின் மேல் பாசியை இழுத்து மூடிச் செல்லும்; வெண்மையாக இட்ட முட்டைகள் அந்தப் பாசிச் சாயத்தில் பழுப்பேறிவிடும். நாம் கிட்டப் போனால் மூட நேரமில்லாமலே அது ஓட நேரிடும், பிறகு காக்கைக்குத்தான் விருந்து. சிவகங்கை மாவட்டத்தில் 1977இல் சரணாலயமான வேட்டங்குடிக்கு அருகிலுள்ள கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. நாம் குரலைத் தாழ்த்தினாலே போதும்.

தென்கரையான்:
மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. நேற்று கரை மேலிருந்தே தொலைநோக்கியில் பார்த்தோம். வேறொரு இணை, மடையோரம் மிதந்த ஒரு பாசிக் குவியலின் மேல் இருந்தது. எருமை ஒன்று நீரில் இறங்கியதும், அது அலகால் மூன்று நான்கு முறை பாசியை அள்ளிப் போட்டுவிட்டு, சிற்றலை கூட எழாமல் வழுக்கி மூழ்கியதை மகள் மூச்சடக்கிப் பார்த்தாள். இம்முறை கூவவில்லை. நீர்முள்ளி விதை முற்றும் நாளுக்காகக் காலித் தீப்பெட்டி ஒன்றை எடுத்து வைத்திருக்கிறாள்.