பைப்பிங் ஃபோர்மேன் வேலையில் நிலைத்து நிற்க வழி சொல்லுங்கள்

வணக்கம் அண்ணன்மார்களே. நான் திருச்சி பக்கம். ஐடிஐ ஃபிட்டர் முடித்து 2009-ல் துவாக்குடியில் ஹெல்பராகச் சேர்ந்தேன். இப்போது சவுதி ஜுபைலில் பைப்பிங் ஃபோர்மேன். என் கீழே 14 பேர்.

வேலையில் பயமில்லை. ஐசோமெட்ரிக் டிராயிங்கை (பைப் போகும் வழியைக் காட்டும் படம்) பார்த்தாலே ஸ்பூல், அதாவது முன்கூட்டியே வெல்டிங் செய்த பைப் துண்டு, எங்கே இடிக்கும் என்று தெரிந்துவிடும். போன வாரம்கூட பைப்பில் தண்ணீர் நிரப்பிச் சோதிக்கும் ஹைட்ரோ டெஸ்ட்டில் டிசைன் பிரஷரைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றி நிறுத்தியபோது, ஒரு ஃபிளேஞ்சில் (போல்ட் போட்ட இணைப்பு) தண்ணீர் முத்து முத்தாகக் கசிந்தது. பிரஷரை முழுதாக இறக்கிய பிறகுதான் ஸ்பேனரைத் தொட விட்டேன். பையன்கள் நல்லபடியாக ரூமுக்குத் திரும்ப வேண்டும், எனக்கு அதுதான் முதலில்.

சிக்கல் வேறு. ஷட்டவுன் (ஆலையை நிறுத்திச் செய்யும் தற்காலிக வேலை) முடிந்தால் 40 நாளில் ஊருக்கு டிக்கெட். அப்புறம் மறுபடி ஏஜென்ட், மறுபடி மெடிக்கல். வயது 37 ஆகிறது, பிள்ளைகள் வளர்கிறார்கள்.

ஒரே கம்பெனியில் நிலையாக இருந்து சூப்பர்வைசராக உயர என்ன செய்யலாம்? நெபோஷ் என்ற பாதுகாப்புப் படிப்பைப் படிப்பதா, மெக்கானிக்கல் டிப்ளமோ முடிப்பதா? டிப்ளமோ இல்லாமல் உயர்ந்தவர்கள் இருக்கிறீர்களா? தினசரி ரிப்போர்ட் எழுதும் ஆங்கிலத்தை எப்படிப் பழகினீர்கள்? ப்ராஜெக்ட்டிலிருந்து மெயின்டனன்ஸ் பக்கம் மாறியவர்கள் கட்டாயம் எழுதுங்கள்.