பொருள்: முறித்தலும் நமுத்தலும் (மேஜிக் சீட்டாட்டச் சொற்கள்)

அண்ணாச்சி, வணக்கம்.

மேஜிக் ஆட்டத்தின் 'கவுன்ட்டர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் நீங்கள் சொன்ன 'ரத்து' எனக்கு ஒட்டவில்லை. பஸ்ஸை ரத்து செய்வது அதை விடுகிறவர்களேதான். சீட்டுகளை மந்திரங்களாக ஏவி ஆடும் மேஜிக்கில் ('மேஜிக்: தி கேதரிங்') ஒருவன் ஏவிய மந்திரத்தை எதிராளி குறுக்கே புகுந்து கெடுக்கிறான். அதற்கு நம் ஊரில் சொல் ஏற்கெனவே இருக்கிறது. எங்கள் ஆச்சி 'செய்வினையை முறிச்சாச்சு' என்பாள்; விஷமுறிவு என்கிறோம். ஆகவே முறித்தல். 1993-இல் வந்த முதல் தொகுப்பிலேயே இருக்கும் 'கவுன்ட்டர்ஸ்பெல்' சீட்டை 'முறிமந்திரம்' என்றால் விளக்கமே வேண்டாம்.

சிக்கல் இலக்கில்தான். போன ஞாயிறு பாளையங்கோட்டை வீட்டுத் தார்சாவில் சித்தி மகனோடு ஆடினேன். அவனிடம் 'ஃபேன்டாஸ்மல் பேர்' என்ற கரடி இருந்தது. ஒரு மந்திரமோ திறனோ அதைக் குறிவைத்தால் போதும், பலி கொடுத்துவிட வேண்டும். நான் 'லைட்னிங் போல்ட்' என்ற அடிக்கும் மந்திரத்தை ஏவிக் கரடியைக் குறிவைத்தேன். அவன் இரண்டு நீல மானாவை (மந்திரம் ஏவத் தேவையான சக்தி) செலவழித்து அதை முறித்தான். "கரடி தப்பிச்சிட்டு" என்றான். தப்பவில்லை. குறிவைத்ததுமே கரடியின் திறன் கிளம்பி, அடுக்கில் (ஏவியவை நிறைவேறக் காத்திருக்கும் இடம்) போல்ட்டுக்கு மேலே உட்கார்ந்துவிட்டது. முறிந்தது போல்ட் மட்டும், குறிவைத்தது வைத்ததுதான்.

சரி, அவன் சும்மா இருந்திருந்தால்? அடுக்கில் மேலே இருப்பது முதலில் நடக்கும். கரடி போய்விடும். போல்ட்டின் முறை வரும்போது அடிக்க ஆள் இருக்காது. யாரும் முறிக்காமலே அது இடுகாட்டுக்கு, அதாவது கழித்த சீட்டுக் குவியலுக்கு, போகும். 2018 வரை விதிநூல் இதையும் 'கவுன்ட்டர்' என்றே சொன்னது. அந்த ஆண்டு 'டொமினாரியா' தொகுப்போடு அதை மாற்றி, மந்திரம் நிறைவேறாது என்று எழுதினார்கள். ஆட்டக்காரர்கள் வாயில் எப்போதும் 'ஃபிஸில்'தான். 'அப்ரப்ட் டிகே' போல முறிக்கவே முடியாத சீட்டுக்கும் இது நேரும். அதனால் தனிச்சொல் கட்டாயம் வேண்டும். நான் 'நமுத்தல்' என்கிறேன். ஐப்பசி மழையில் திரி எரிந்தும் வெடிக்காத ஓலைவெடியை நினைத்துப் பாருங்கள்.

*

தம்பி,

முறித்தலுக்குச் சம்மதம். நமுத்தலுக்கு இல்லை. நமுத்த வெடியில் கோளாறு வெடிக்குள்ளே இருக்கிறது. போல்ட்டில் என்ன ஈரம்? இலக்குதானே போனது? 'இலக்கற்றுப்போதல்' என்று வைக்கலாமே.

*

அண்ணாச்சி,

அதையும் யோசித்தேன். இலக்கே கேட்காத மந்திரங்கள் இருக்கின்றன, களத்திலுள்ள உயிர்களை ஒருசேர அழிப்பவை போல. 'இலக்கற்ற மந்திரம்' என்ற பெயர் அவற்றுக்கு வேண்டும். அப்புறம், இரண்டு இலக்கில் ஒன்று போனால் மந்திரம் மற்றதன்மேல் நடக்கும். எல்லாம் போனால்தான் வீண்.

ஈரம் பற்றி நீங்கள் கேட்டது நியாயம். ஆனால் நமுத்தலில் நான் பிடித்துக்கொள்வது வேறு: திரி கொளுத்தியாயிற்று, காசு போயிற்று, கெடுக்க எவன் கையும் படவில்லை. 'முறிக்க முடியாத மந்திரமும் நமுக்கும்' என்று எழுதிச் சித்தி மகனிடம் காட்டினேன். மறுகேள்வி கேட்கவில்லை.

அடுத்தது 'வார்டு'. குறிவைத்த எதிராளி கேட்ட விலையைக் கொடுக்காவிட்டால், குறிவைத்ததையே முறிக்கும் திறன். 'காவல்' போதுமா, 'காவல்முறி' என்று நீட்ட வேண்டுமா?