கேக் மிக்ஸ் பெட்டியும் மறுநாள் வறட்சியும்: எங்கள் அனுபவங்கள்

அமெரிக்காவுக்கு வந்த புதிதில், மகளின் ஐந்தாவது பிறந்தநாளுக்கு மஞ்சள் கேக் மிக்ஸ் ஒன்றை வாங்கி, பெட்டியின் பின்புறம் அச்சிட்டிருந்தபடியே ஒரு கப் தண்ணீர், அரை கப் எண்ணெய், 3 முட்டை சேர்த்துச் சுட்டேன். அன்று மாலை நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் காலையில் கத்தி பட்டதுமே ஓரங்கள் பொடியாக உதிர்ந்தன. ஆசையாகக் கேட்டு வாங்கிய குழந்தை ஒரு வாய் தின்றுவிட்டுத் தண்ணீர் கேட்டபோது எனக்கு மனம் வாடிப்போயிற்று.

அதன்பின் தண்ணீருக்குப் பதிலாக முக்கால் கப் பாலும், அரை கப் கெட்டித் தயிரும், கூடுதலாக ஒரு முட்டையும் சேர்க்கத் தொடங்கினேன். தயிரின் புளிப்பு மாவை இளக்குகிறது, முட்டையின் மஞ்சள் கரு கேக்குக்குச் செறிவு தருகிறது. எண்ணெயை மட்டும் மாற்றுவதில்லை. ஒருமுறை வெண்ணெய் உருக்கி ஊற்றியதில் மணம் அருமையாக வந்தது. ஆனால் குளிர்பதனப் பெட்டியில் வெண்ணெய் இறுகிவிடுவதால், வெளியே எடுத்த துண்டு கட்டியாக இருந்தது. எண்ணெய் குளிரிலும் இளகியே இருப்பதால், கேக்கும் மெத்தென்று இருக்கிறது.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பலன் தந்தது நேரத்தைக் கவனித்ததுதான். பெட்டியில் குறித்திருக்கும் நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே ஓவனைத் திறந்து, நடுவில் பல்குச்சியைக் குத்திப் பார்க்கிறேன். குச்சியில் ஈரமாவு வழியாமல், இரண்டு மூன்று துணுக்குகள் மட்டும் ஒட்டியிருந்தால் உடனே எடுத்துவிடுகிறேன். குச்சி துடைத்துவைத்ததுபோல வரும்வரை காத்திருந்த நாள்களில்தான் என் கேக் வறண்டது. கருநிறத் தட்டு சூட்டை அதிகம் ஈர்ப்பதால், அதில் சுடும்போது 350 டிகிரி ஃபாரன்ஹீட்டை 325 ஆகக் குறைத்துக்கொள்கிறேன். பத்து நிமிடம் தட்டிலேயே ஆறவிட்டுக் கவிழ்த்து, இளஞ்சூடு இருக்கும்போதே மெல்லிய பிளாஸ்டிக் தாளால் சுற்றிவைத்தால், ஆவியாகப் போகவிருந்த ஈரம் உள்ளேயே தங்கிவிடுகிறது.

*

மேலே எழுதிய அக்கா சொன்ன தயிர் முறையைச் சாக்லேட் மிக்ஸில் நானும் செய்துவருகிறேன். அதில் பாலுக்குப் பதிலாக, ஃபில்டரில் இறக்கிய டிகாக்‌ஷனில் பாதியளவு வெந்நீர் கலந்து, ஆறவைத்து ஊற்றுகிறேன். காபிச் சுவை தனித்துத் தெரியாமல், கோகோவின் சுவையைத் தூக்கிக் கொடுக்கிறது. பழைய குறிப்புகளைப் பின்பற்றுவோர் பெட்டியின் எடையையும் பார்த்துக்கொள்ள வேண்டும்: முன்பு 18.25 அவுன்ஸ் இருந்த பெட்டிகள் பின்னர் 15.25 அவுன்ஸாகக் குறைந்தன. இதை அறியாமல் பழைய அளவிலேயே பாலையும் தயிரையும் ஊற்றியதால், என் கேக் ஒருமுறை நடுவில் அமுங்கிவிட்டது.

*

எங்கள் வீட்டில் முட்டை சேர்ப்பதில்லை. ஒரு முட்டைக்குக் கால் கப் தயிர் என்ற கணக்கில், மூன்றுக்கும் முக்கால் கப் சேர்க்கிறேன். மிருதுவாக வந்தாலும் வெட்டும்போது சற்று உடைகிறது. அதனால் சம அளவு சர்க்கரையும் தண்ணீரும் கொதிக்கவைத்து, ஏலக்காய் தட்டிப் போட்டு ஆறிய பாகை, கேக்கின் மேல் தூரிகையால் இரண்டு முறை தடவி, இரவு முழுவதும் மூடிவைத்து மறுநாள்தான் வெட்டுகிறேன்.