போர்ட்டிக்சனில் வாங்கிய பாய்மரப் படகைப் பினாங்குக்குக் கொண்டுவருவது எப்படி?

பத்து உபான் தம்பி கேட்கிறார்:

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். பல வருடமாகச் சேர்த்து வைத்த காசில் ஒரு பாய்மரப் படகு வாங்கிவிட்டேன். 33 அடி நீளம், 1980களில் கட்டிய ஃபைபர் படகு. தண்ணீருக்குக் கீழே 1.7 மீட்டர் இறங்கும். உள்ளே இரண்டு சிலிண்டர் யன்மார் டீசல் எஞ்சின், டேங்க் 60 லிட்டர் பிடிக்கும். பழைய உரிமையாளர் வயதானவர், உடம்புக்கு முடியாமல் ரொம்ப நாளாகப் படகை வெளியே எடுக்கவில்லை. படகு போர்ட்டிக்சனில் நிற்கிறது, நான் இருப்பது பினாங்கில். ஆகஸ்டு மாதம் முடிவதற்குள் அந்த இடத்தைக் காலி செய்து கொடுக்க வேண்டும்.

அளந்து பார்த்ததில் ஏறக்குறைய 200 கடல் மைல் வருகிறது. 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) வேகத்தில் 40 மணி நேரம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பினால் ஞாயிறு மத்தியானம் பத்து உபானுக்கு வந்துவிடலாம், திங்கட்கிழமை வேலைக்கும் போய்விடலாம் என்பது என் கணக்கு. கூட வரப்போவது என் மச்சான். கோல கெடாவில் மீன்பிடிப் படகில் பழகியவர், ஆனால் பாய் பிடித்து ஓட்டியதில்லை. நான் பாய் ஓட்டக் கற்றதெல்லாம் லங்காவியில், நண்பர்கள் படகில், பகலில்.

நேராக ஓடுவது நல்லதா, இடையில் நிறுத்தி வருவது நல்லதா? கிள்ளான் துறைமுகப் பகுதியை எப்படிக் கடப்பது? ஆகஸ்டில் சுமத்ரா காற்றுக்கு எவ்வளவு பயப்பட வேண்டும்? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள். வீட்டில் எல்லாரும் படகைப் பார்க்கக் காத்திருக்கிறார்கள்.

கிள்ளான் இழுவைப்படகுக்காரர்:

தம்பி, வாழ்த்துகள். வேலை பார்த்த காலம் முழுக்க நான் ஓடிய தண்ணீர் இது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், 200 மைலை 5 நாட்டால் வகுப்பதை விட்டுவிடுங்கள். அந்தக் கணக்கில் படகு நல்ல நிலையில் இருக்கிறது என்று நீங்களே வைத்துக்கொண்டீர்கள். அது உங்களுக்கு இன்னும் தெரியாது. ரொம்ப நாள் ஓடாமல் நின்ற படகு கட்டிப்போட்ட இடத்தில் எல்லாம் சரியாகத்தான் காட்டும். கடலில் ஆட ஆரம்பித்த பிறகுதான் அதன் குணம் தெரியும்.

முக்கியமாக டீசல் டேங்க். நம் ஊர்ப் புழுக்கத்தில் பாதி காலியான டேங்கின் உள்சுவரில் நீர் வியர்த்து அடியில் இறங்கிவிடும். டீசலும் தண்ணீரும் சேரும் இடத்தில் கிருமி வளர்ந்து கறுப்பாக ஒரு வழவழப்பு படியும். நிற்கிற படகில் அது அடியிலேயே கிடக்கும், எஞ்சினும் ஒழுங்காக ஓடும். வெளியே போய் அலையில் உருண்டதும் அத்தனையும் கலங்கி மேலே வந்து ஃபில்டரை அடைக்கும். எஞ்சின் நிற்பது எப்போதும் கப்பல் வரும் நேரத்தில்தான். ஒரு மெல்லிய குழாயை டேங்கின் அடிவரை விட்டு, கை பம்பால் கொஞ்சம் உறிஞ்சி, கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றிக் கால் மணி நேரம் அசையாமல் வையுங்கள். மேலே டீசல் தெளிவாக நிற்கும். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தெரியும், இரண்டுக்கும் நடுவே பழுப்பாகவோ கறுப்பாகவோ ஆடை படிந்திருக்கும். அந்த ஆடையைக் கண்டால் டேங்கைக் கழுவாமல் கிளம்பாதீர்கள். சுத்தமாக இருந்தாலும் நான்கைந்து ஃபில்டர் கையில் இருக்கட்டும், எரிபொருள் குழாயில் புகுந்த காற்றை எடுத்துவிடும் முறையை மச்சானும் நீங்களும் செய்து பழகிக்கொள்ளுங்கள். தண்ணீர் பம்புக்குள் சுழலும் ரப்பர் சக்கரமான இம்பெல்லரும் பெல்ட்டும் ஒன்றுக்கு இரண்டாக வேண்டும். மலாக்கா நீரிணையில் மிதக்கும் பிளாஸ்டிக் பை ஒன்று எஞ்சினுக்குக் குளிர்நீர் உறிஞ்சும் துளையில் ஒட்டினால் போதும், இம்பெல்லர் போய்விடும்.

எரிபொருள் கணக்கும் பாருங்கள். ஆகஸ்டில் பாதி நேரம் காற்றே இருக்காது. இந்த அளவு எஞ்சின் மணிக்கு 2, 2.5 லிட்டர் குடிக்கும். 40 மணி நேரத்துக்கு 80 முதல் 100 லிட்டர். உங்கள் டேங்க் 60.

அதனால் நான் சொல்வது இதுதான்: பினாங்கை இப்போதைக்கு மறந்துவிட்டு, வழியில் பேராக் கரையில் இருக்கும் லூமுட் வரைக்கும் மட்டும் திட்டம் போடுங்கள். அங்கே பாங்கோர் மரினாவில் படகைத் தூக்கி மேலே வைக்கும் வசதி இருக்கிறது. அங்கே வரும்போது படகில் எது சரி, எது சரியில்லை என்று தெரிந்திருக்கும். அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டி, சாயம் பூசி, கோளாறுகளைச் சரிசெய்து, இன்னொரு வாரம் மீதி 70 சொச்சம் மைலைக் கடக்கலாம். திங்கட்கிழமை வேலைக்குப் போக பஸ் இருக்கிறது. போர்ட்டிக்சன் இடமும் காலியாகிவிடும்.

முதல் நாள் போர்ட்டிக்சனிலிருந்து கிள்ளான் துறைமுக வாய்க்காலின் தெற்கு வாசல் வரை, 45 மைல். விடியும்போது கிளம்புங்கள். இந்தப் பகுதியில் கப்பல்களுக்குத் தனித்தனிப் பாதை பிரித்திருக்கிறார்கள், கிள்ளானுக்கு மேற்கே கடலில் இருக்கும் ஒன் ஃபாதம் பேங்க் மேடு வரை அது நீள்கிறது. வடமேற்கே போகும் பாதைதான் நம் கரைப்பக்கம் இருப்பது. அதாவது உங்களுக்குப் பக்கத்தில் ஓடும் கப்பல்கள் எல்லாம் உங்கள் பின்னாலிருந்து வரும். முன்னே மட்டும் பார்த்துக்கொண்டு ஓட்டுபவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். பாதைக்குள் போகவேண்டாம், கரைப்பக்கமே இருங்கள். கிள்ளானுக்குத் திரும்பும் கப்பல்கள் உங்கள் வழியைக் குறுக்கே வெட்டும். அந்த இடத்தில் கண் அசரக்கூடாது.

ராத்திரி பூலாவ் பிந்து கெடோங் பக்கம் நங்கூரம் போடலாம். மறுநாள் வடக்கு வாய்க்கால் வழியாக வெளியேறி பூலாவ் அங்சா கலங்கரை விளக்கத்துக்கு அருகில் அடுத்த ராத்திரி. அங்கிருந்து பாங்கோர் 70 மைலுக்கு மேல், நடுவில் ஒதுங்க நல்ல இடம் கிடையாது. கோலசிலாங்கூர், பெர்ணம் ஆற்று முகம் எல்லாம் ஆழமில்லாத சேறு. விடியற்காலை 4 மணிக்கு நங்கூரம் எடுத்தால் இருட்டும் நேரத்துக்குப் போய்ச் சேரலாம். நேரமானால் பூலாவ் செம்பிலான் தீவுகளில் ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

கிள்ளானில் ஏற்ற வற்றம் பெரிது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி 4 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும், வாய்க்காலில் தண்ணீர் 3 நாட் வரை இழுக்கும். அதை எதிர்த்தால் உங்கள் படகு ஊர்ந்துதான் போகும். அரை நிலா நாட்களில் இழுப்பு பாதிகூட இருக்காது. அப்போது கிளம்பும் நேரத்தை வெளிச்சத்தைப் பார்த்து முடிவு செய்யலாம், ஓட்டத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆகவே நாள் குறிக்கும்போது நாள்காட்டியில் பிறையைப் பாருங்கள்.

இருட்டில் மாட்டிக்கொண்டால் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ஒரு படகின் மேல் மூன்று வெள்ளை விளக்கு ஒன்றன் கீழ் ஒன்றாக எரிந்தால், அது வடத்தில் எதையோ இழுத்து வருகிறது, அதன் பின்புறத்திலிருந்து இழுபடுவதன் கடைசி வரை 200 மீட்டருக்கு மேல் நீளம். பின்னால் இழுபட்டு வரும் பார்ஜில் (தட்டையான சரக்குப் படகில்) விளக்கு மங்கலாகத்தான் இருக்கும், சில சமயம் தெரியவே தெரியாது. நடுவில் வழி இருக்கிறது என்று நினைத்துப் புகுந்தால் வடம் படகை வெட்டிவிடும். நான் இழுத்த பக்கத்தில் நின்றவன், எத்தனையோ சின்னப் படகுகளுக்கு விளக்கடித்துத் திருப்பியிருக்கிறேன்.

பெட்டாலிங் ஜெயாவிலிருந்து:

இழுவைப்படகு அண்ணன் சொன்னதில் பெரும்பாலும் எனக்குச் சம்மதம். கிள்ளான் வாய்க்காலுக்குள் புகுவதில் மட்டும் மாறுபடுகிறேன். நங்கூரம் போடும் இடத்தைத் தேடி, கண்டெய்னர் கப்பல்களுக்கு நடுவே பழக்கமில்லாத படகைத் திருப்பிக்கொண்டிருப்பதைவிட, கரையோரமாகவே வெளியில் சுற்றி பாங்கோருக்கு ஒரே ஓட்டமாகப் போவது மேல். 130 மைல், ஒரு ராத்திரி. ஆனால் மூன்று பேர் வேண்டும், அதில் ஒருவர் இரவில் ஓட்டியவராக இருக்கவேண்டும். இரண்டு பேர் மட்டும் என்றால் அண்ணன் வழிதான் சரி.

சுமத்ரா காற்றைப் பற்றி: ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை எப்போது வேண்டுமானாலும் வரும், பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பிறகு, விடிவதற்கு முன். மேற்கே அடிவானத்தில் வளைந்து நீண்ட கறுப்பு மேகம், மின்னல், அப்புறம் சட்டென்று குளிர்ந்த காற்று. அந்தக் குளிர் மேலே பட்டபிறகு பாயைக் குறைக்கப் போனால் நேரம் போதாது. 40 நாட் அடிப்பது அதிசயமில்லை. ஒன்று இரண்டு மணி நேரத்தில் அடங்கிவிடும். மேற்கிலிருந்து வருவதால் உங்களைக் கரைப்பக்கம் தள்ளும், அதனால் 15, 20 மீட்டர் ஆழத்தை விட்டு உள்ளே வராமல் இருங்கள். பொழுது சாயும்போதே பெரிய பாயைப் பாதியாகக் குறைத்துவிட வேண்டும், காற்று இல்லாவிட்டாலும். ஆகஸ்டில் புகைமூட்டமும் வரலாம். சுற்றி ஓடும் கப்பல்களைத் திரையில் காட்டும் ஏஐஎஸ் கருவி இல்லாவிட்டால் வாங்கிப் போடுங்கள்.

தஞ்சோங் தோக்கோங் அக்கா:

தம்பி, பினாங்கு முனையைப் பற்றியும் காகிதங்களைப் பற்றியும் நான் சொல்கிறேன்.

பதிவு உங்கள் பெயருக்கு மாறிய பிறகுதான் படகை நகர்த்த வேண்டும். கடல்துறை அலுவலகத்தில் என்னென்ன கேட்பார்கள் என்று முன்னதாகவே விசாரித்துக்கொள்ளுங்கள். விற்பனைப் பத்திரத்தின் அசல் படகிலேயே இருக்கட்டும். படகு வெளிநாட்டுக் கொடியில் பதிவானதா என்றும் பாருங்கள், அப்படி இருந்தால் சுங்கத்துறையிலும் வேலை இருக்கும். இன்சூரன்ஸ் எடுக்கும்போது இந்தப் பயணமும் அதில் அடங்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். பழைய படகு என்பதால் சர்வே கேட்க வாய்ப்பு உண்டு, அதற்கு நாள் பிடிக்கும், இன்றே ஆரம்பியுங்கள்.

லூமுட்டுக்கு வரும்போது தெலுக் ரூபியாவில் இரும்புத்தாது இறக்கும் கப்பல்கள் நிற்கும், தாது, நிலக்கரி மாதிரிச் சரக்கை மொத்தமாக ஏற்றும் கப்பல்களில் உலகத்திலேயே பெரிய வகை அது. மஞ்சோங் மின்நிலையப் புகைபோக்கி தூரத்திலேயே தெரிவதால் வழி தவறாது. கடற்படைத் தளத்தின் பக்கம் ஒதுங்காதீர்கள்.

பினாங்கின் தெற்கே இப்போது கடலைத் தூர்க்கும் வேலை நடக்கிறது, 2023லிருந்து. பழைய வரைபடத்தில் வெறும் தண்ணீராகக் காட்டும் இடத்தில் இன்று மண் இருக்கிறது. வரைபடத்தைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். பூலாவ் ரீமாவ் கலங்கரை விளக்கத்துக்குக் கிழக்கே வந்து, இரண்டாவது பாலத்தின் நடுவில் கம்பி வடம் தாங்கும் பெரிய கண் வழியாக மட்டும் நுழையுங்கள். அங்கே 30 மீட்டர் உயரம் இருக்கிறது, உங்கள் பாய்மரத்துக்குத் தாராளம். செபெராங் பிறை பக்கம் ஒதுங்கினால் சேறு, மீன் வளர்க்கும் கூண்டுகள். பாலம் தாண்டியதும் ஜெரஜாக் தீவுக்கும் பினாங்குக்கும் நடுவில் நங்கூரம் போட்டுக் காத்திருந்து, நல்ல ஏற்றத்தில் பத்து உபானுக்குள் போங்கள். முதல் பாலம் உங்களுக்கு வரவே வராது.

வலையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. உங்கள் மச்சானைத்தான் முன்னால் உட்கார வைக்க வேண்டும். வலைக்கு அடையாளமாக மிதக்கும் கொடி எந்தப் பக்கம் முடிகிறது, வலை எப்படி விரிந்திருக்கும் என்று மீன்பிடித்தவர்களுக்குப் பார்த்ததுமே தெரியும், எங்களைப் போன்றவர்களுக்கு அது கடைசிவரை பிடிபடாது. அவருக்குப் பாய் தெரியாதது குறையே இல்லை.

பத்து உபான் தம்பி:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. லூமுட்டில் நிறுத்தும் யோசனை எனக்குத் தோன்றவே இல்லை. மச்சானிடம் அக்கா எழுதியதை வாசித்துக் காட்டினேன், அவருக்கு ரொம்ப சந்தோஷம். வேலையில் விடுப்புக்கும் சொல்லிவிட்டேன்.

ஒரே ஒரு சிக்கல். அரை நிலா என்றால் அஷ்டமி, நவமி. அந்த நாட்களில் புதுப் படகை எடுக்கவே கூடாது என்று அம்மா உறுதியாக நிற்கிறார். அவர் மனம் நோகக் கிளம்ப எனக்கு விருப்பமில்லை.

கிள்ளான் இழுவைப்படகுக்காரர்:

அம்மா சொல்வதைக் கேளுங்கள், தம்பி. கடல் கணக்கும் அதற்கு ஒத்துத்தான் வருகிறது. நிலா பாதியான அன்றைக்கே தண்ணீர் இழுப்பு குறைந்துவிடாது, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் ரொம்ப அடங்கும். வளர்பிறை தசமியில் போர்ட்டிக்சனை விட்டால், ஏகாதசியன்று கிள்ளான் வாய்க்காலில் இருப்பீர்கள். அடுத்த நாள் பாங்கோரை நெருங்கும்போது பொழுது சாய்ந்தாலும் முக்கால் நிலாவுக்கு மேல் வானத்தில் இருக்கும், வலைக்கொடிகள் கண்ணுக்குத் தெரியும். ஏற்ற வற்ற அட்டவணையில் அந்த நாட்களின் உயரத்தையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நவமியன்றே போர்ட்டிக்சன் போய்ப் படகில் தங்குங்கள், அதற்கு அம்மா ஒன்றும் சொல்லமாட்டார். கயிறுகளை இரட்டிப்பாகக் கட்டிவிட்டு, எஞ்சினை கியரில் போட்டு ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். சும்மா ஓடவிட்டால் எதுவும் தெரியாது, சுமை ஏறினால்தான் சூடு காட்டும். பின்பக்கக் குழாயில் தண்ணீர் சீராகக் கொட்டுகிறதா, விசிறியைச் சுழற்றும் அச்சு படகை விட்டு வெளியேறும் இடத்தில் எவ்வளவு கசிகிறது, ஃபில்டர் கிண்ணத்தில் ஏதாவது இறங்குகிறதா என்று மூன்றையும் மச்சானும் நீங்களும் மாறி மாறிப் பாருங்கள். மூன்றில் ஒன்று சந்தேகமாக இருந்தாலும் இங்கே எழுதுங்கள், அன்றைக்கு ராத்திரி நான் முழித்திருப்பேன்.