ராஸ்பெரி பைக்குக் கேஸ் தேர்வு: அனுபவப் பகிர்வு

பதிவு 1

ராஸ்பெரி பை என்ற சின்ன ஒற்றைப் போர்டுக் கணினிக்குக் கேஸ் (மேல்கூடு) வாங்கும்போது போர்டின் நீள அகலத்தை மட்டும் நம்பக் கூடாது. பை 3, பை 4, பை 5 மூன்றும் ஏறக்குறைய 85க்கு 56 மில்லிமீட்டர்தான். திருகுத் துளைகளும் 58க்கு 49 மில்லிமீட்டர் இடைவெளியில் அதே இடத்தில்தான். இருந்தும் ஒன்றின் கேஸ் இன்னொன்றுக்குச் சேராது. 2019இல் வந்த பை 4இல் ஈதர்நெட்டும் யூஎஸ்பியும் இடம் மாறின. பெரிய எச்டிஎம்ஐ போய் இரண்டு மைக்ரோ எச்டிஎம்ஐ வந்தது. பவர் டைப்-சி ஆனது. 2023இல் பை 5 வந்தபோது ஈதர்நெட் பழைய பக்கத்துக்கே திரும்பிவிட்டது, ஆடியோ ஜாக் போனது, பவர் பட்டன் சேர்ந்தது. எனவே கேஸின் விவரத்தில் மாடல் எண் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள்.

"பை அளவுதான்" என்று விற்கப்படும் மற்ற போர்டுகளில் இன்னும் கவனம் வேண்டும். ராக் பை 4இல் சிப் போர்டின் அடிப்பக்கம் இருக்கிறது. மேல்மூடியில் விசிறி வைத்த கேஸால் அதற்கு என்ன பயன்?

அடுத்தது சுவரின் தடிமன். மைக்ரோ எச்டிஎம்ஐ, டைப்-சி துளைகள் இருக்கும் இடத்தில் சுவர் 2 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ, துளை குறுகலாக இருந்தாலோ, கேபிளின் பிளாஸ்டிக் தலை சுவரில் முட்டி நிற்கும். பிளக் பாதிதான் உள்ளே போயிருக்கும். திரையில் படம் விட்டு விட்டு வந்தால் கேபிளை மாற்றுவதற்கு முன் கேஸைக் கழற்றிச் சோதியுங்கள்.

பதிவு 2

சூட்டைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கேஸ் கெடுப்பது பெரும்பாலும் அங்கேதான். பை 4இன் சிப் 80 டிகிரி செல்சியஸைத் தொட்டதும் தன் வேகத்தைக் குறைக்கத் தொடங்கும். 85ஐ எட்டினால் இன்னும் கடுமையாகக் குறைக்கும். போர்டு கருகாது, வேலைதான் மந்தமாகும்.

கேஸ் சரியா என்பதை அறிய ஒரு சோதனை போதும். நான்கு கோர்களுக்கும் முழுச் சுமை கொடுத்து, மூடியைத் திறந்து வைத்து 20 நிமிடம், மூடி வைத்து 20 நிமிடம் ஓட்டி வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடச் சோதனை ஏமாற்றும். கேஸுக்குள் இருக்கும் காற்றும் பிளாஸ்டிக்கும் சூடேற நேரம் எடுக்கும். முடிவில், வேகம் குறைந்ததா என்று காட்டும் 'கெட் த்ராட்டில்ட்' கட்டளையையும் பாருங்கள். பூஜ்யம் வந்தால் நிம்மதி. ஹெக்ஸ் எண்ணில் 50000 வந்தால் கேஸைக் குறை சொல்லாதீர்கள்: அது மின்னழுத்தம் இறங்கியதைக் காட்டுகிறது. அடாப்டரையும் கேபிளையும் பாருங்கள்.

முழுக்க மூடிய கேஸுக்குள் சின்ன ஹீட்சிங்க் (சூட்டை இழுத்து வெளியேற்றும் உலோகத் துண்டு) ஒட்டினால் பலன் குறைவு. சூடு சிப்பிலிருந்து அடைபட்ட காற்றுக்குப் போகிறது, அங்கேயே நிற்கிறது. மேலே மட்டும் துளை இருந்தாலும் போதாது. கீழிருந்து காற்று நுழைய வழியும், மேசைக்கும் கேஸுக்கும் நடுவே குறைந்தது 5 மில்லிமீட்டர் இடைவெளி தரும் ரப்பர் கால்களும் வேண்டும்.

விசிறி என்றால் இடம் இருக்கும்வரை 30 மில்லிமீட்டரை விட 40 மில்லிமீட்டரை எடுங்கள். அதே அளவு காற்றை மெதுவாகச் சுழன்றே தள்ளும், இரைச்சல் குறையும். விசிறியின் சிவப்பு வயர் போர்டின் பின் வரிசையில் 4ஆம் பின்னில், கறுப்பு 6ஆம் பின்னில் என்றால் 5 வோல்ட். சிவப்பை 1ஆம் பின்னுக்கு மாற்றினால் 3.3 வோல்ட்டில் மெதுவாகச் சுற்றும், ஆனால் சில விசிறிகள் அந்த அழுத்தத்தில் கிளம்பவே கிளம்பாது. ஜிபிஐஓ பின்னிலிருந்து (நிரலால் இயக்கும் பின்) மோட்டாருக்கு நேரடியாக மின்சாரம் எடுக்கவே வேண்டாம், நடுவில் டிரான்சிஸ்டர் கட்டாயம். பை 5இல் விசிறிக்கென்றே நான்கு பின் சாக்கெட் உண்டு. 50 டிகிரியில் தொடங்கி 75இல் முழு வேகத்துக்கு அதுவே கொண்டுபோகும்.

பதிவு 3

விசிறியே வேண்டாம் என்பவர்களுக்கு முழு அலுமினியக் கேஸ் நல்ல தேர்வு. உடம்பே ஹீட்சிங்க்; தூசியும் இல்லை, சத்தமும் இல்லை. ஆனால் தெர்மல் பேடின் (சிப்புக்கும் கேஸுக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் மெத்தை) தடிமன் சரியாக இருக்க வேண்டும். கேஸோடு வரும் பேடைத்தான் போட வேண்டும். இடைவெளியை நிரப்பப் பேஸ்ட்டைக் குழைத்துப் பூசினால் தொடர்பே கிடைக்காது. தடித்த பேடைத் திணித்துத் திருகினால் போர்டு வளையும். நான்கு எம் 2.5 திருகுகளையும் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பேடின் இரண்டு பக்கப் பிளாஸ்டிக் படலத்தையும் உரித்தீர்களா என்றும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், அடிக்கடி மறக்கும் விஷயம் அது.

உலோகத்தில் இன்னும் இரண்டு ஆபத்து. ஒன்று, போர்டின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் சால்டர் முனைகள் தகட்டைத் தொட்டால் ஷார்ட். போர்டைத் தூக்கி நிறுத்தும் ஸ்பேசர் 3 மில்லிமீட்டராவது இருக்கட்டும், தகட்டில் மின்சாரம் கடத்தாத காப்டான் டேப் ஒட்டுங்கள், 6 மில்லிமீட்டருக்கு மேல் அகலமான உலோக வாஷர் போடாதீர்கள். இன்னொன்று வைஃபை. பை 4இன் ஆன்டெனா போர்டிலேயே, யூஎஸ்பிக்கு எதிர்க்கோடியில், 1ஆம் பின் இருக்கும் மூலைப்பக்கம் பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்த மூலையை உலோகம் மூடினால் சிக்னல் விழும். கேஸுடனும் கேஸ் இல்லாமலும் சிக்னல் அளவைப் பாருங்கள்: 10 டெசிபல் குறைந்தால் வந்து சேரும் திறன் பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று பொருள்.

பதிவு 4

மேலே சொன்ன வைஃபை சோதனையைச் செய்யும்போது யூஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். அதுவே 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்பும், பழி கேஸ் மேல் விழும்.

எஸ்டி கார்டைச் செருகியபடியே போர்டைக் கேஸுக்குள் அழுத்தாதீர்கள். விளிம்பில் மாட்டிக் கார்டு ஒடியும், ஸ்லாட்டும் பிய்ந்து வரலாம். எப்போதும் கார்டு கடைசி.

பதிவு 5

3டி பிரிண்டரில் அடித்துக்கொள்பவர்களுக்கு: பிஎல்ஏ என்ற பிரிண்டர் பிளாஸ்டிக் ஏறக்குறைய 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். சன்னலோரம், கார் உள்ளே வைக்கும் போர்டுக்கு அது ஆகாது; பிஇடிஜி என்ற பிளாஸ்டிக் 80 வரை தாங்கும். போர்டைச் சுற்றி ஒவ்வொரு பக்கமும் 0.4 மில்லிமீட்டர் இடம் விடுங்கள். எம் 2.5 திருகு நேரடியாகப் பிளாஸ்டிக்கில் ஏற 2.1 மில்லிமீட்டர் துளை பொருந்தும். அடிக்கடி கழற்றுவதாக இருந்தால் பித்தளை இன்சர்ட் (உள்ளே மரை வெட்டிய குழல்) சூடாக்கி இறக்குங்கள். அடுக்கு அக்ரிலிக் கேஸைப் பொறுத்தவரை, பார்க்க அழகு, பக்கங்கள் திறந்திருப்பதால் தூசி நேராக உள்ளே வரும், திருகை ஒரு சுற்று அதிகம் இறுக்கினால் விரிசல் விடும்.

பதிவு 6

வெளியில், மழை படும் இடத்தில் வைப்பதற்கு மேலே சொன்ன எந்தக் கேஸும் உதவாது. ஐபி65 தரத்தில் (தூசியும் பீய்ச்சும் நீரும் புகாதது) பாலிகார்பனேட் பெட்டி எடுங்கள், வெளிர் நிறத்தில், போர்டுக்குத் தேவையானதை விடப் பெரிதாக. சூடு சுவர்கள் வழியாக மட்டுமே வெளியேற வேண்டும், ஆகவே பரப்பு அதிகம் வேண்டும். முடிந்தால் பை 4க்குப் பதில் ஜீரோ 2 டபிள்யூ போதுமா என்று யோசியுங்கள். 65க்கு 30 மில்லிமீட்டர்தான், சூடும் குறைவு.

இறுக்கி மூடிய பெட்டிக்குள்ளும் ஈரம் வரும். இரவில் உள்ளே காற்று குளிர்ந்து சுருங்கும்போது கேஸ்கெட் (மூடியின் ரப்பர் வளையம்) வழியே ஈரக்காற்றை இழுக்கிறது, அது போர்டின் மேல் பனித்துளியாகப் படிகிறது. அதற்குச் சவ்வு வைத்த காற்றுவழி ஒன்று பொருத்துங்கள், சிலிக்கா ஜெல் பொட்டலமும் வையுங்கள். கேபிள் கிளாண்ட் (கேபிள் நுழையும் துளையை இறுக்கி அடைக்கும் திருகு மூடி) பெட்டியின் அடிப்பக்கம்தான் இருக்க வேண்டும். பிஜி7 கிளாண்ட் 3 முதல் 6.5 மில்லிமீட்டர் கேபிளைப் பிடிக்கும், ஆனால் வார்த்த யூஎஸ்பி பிளக் அதற்குள் நுழையாது. கேபிளை வெட்டி உள்ளே இணைக்க வேண்டும், அல்லது பிளவுள்ள கிளாண்ட் வாங்க வேண்டும். கேபிள் பெட்டிக்குள் நுழையும் முன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும்; வழிந்து வரும் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.